கையைத் தலைமேல் போட்டுக் காதைத் தொடு

(ஸ்ரீரங்கம் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு தெருவில், அம்பேத்கர் பிறந்தநாள் மாலை, பெற்றோர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கச் சொல்லியிருந்தால் ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். பேசச் சொல்லிவிட்டார்கள். பேங்க் கிளார்க்குக்குப் பேசிப் பழக்கமில்லை. 'சிஸ்டம் வேலை செய்யல, நாளைக்கு வாங்க' என்பதுதான் நாங்கள் அதிகம் பேசுகிற வசனம். அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கணும்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஆறு வயசுப் பாப்பா ஒண்ணு. போன மாசம் அவளோட அம்மா பணம் கட்ட என் கவுண்டருக்கு வந்தாங்க. துப்புரவு வேலை பார்க்கிறவங்க. வேலை முடிஞ்சு சீருடையோடவே வந்திருந்தாங்க. செலானை நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஆயிரத்து நானூறு என்று எழுதிவிட்டேன். கவுண்டருக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வருது: "மாமா, ஆயிரத்து நானூத்தி அம்பது. ஒரு அம்பது ரூவா உள்ள ஒட்டிக்கிட்டிருக்கு." எட்டிப் பார்த்தா இது நிக்குது. அம்மா நோட்டு எண்ணும்போது பக்கத்துல நின்னு தானும் எண்ணியிருக்கு. எனக்கு வெட்கமாப் போச்சு. பத்து வருஷமா நோட்டு எண்ணிக்கிட்டிருக்கேன்.

அந்த அம்மா கேட்டாங்க: "தம்பி, இவ ஒண்ணாவது முடிக்கப் போறா. டீச்சரு ரெண்டாவது வேணாம், நேரா மூணாவதுல போடலாங்கிறாங்க. போடலாமா? நீ படிச்சவன், சொல்லு." நான் படிச்சது பி.காம். அதுல இதுக்குப் பாடம் இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்க்கா"ன்னு அனுப்பிட்டேன். யோசிக்க யோசிக்க அது ஒரு பாப்பாவோட விஷயமா மட்டும் எனக்குப் படல. அதான் இங்க வந்து நிக்கிறேன்.

சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினால் காவேரிப் பாலம் தாண்டி நடுவில் திருவானைக்காவல் வரும். நம்ம ஆளுங்க தினம் கடந்து போகிற இடம். அங்கேதான் 1888 நவம்பர் 7ஆம் தேதி சி.வி.ராமன் பிறந்தார். 1930இல் நோபல் பரிசு வாங்கிய அதே ராமன். டபுள் புரமோஷன் என்று எவர் பேச ஆரம்பித்தாலும் அவர்கிட்டதான் போய் நிப்பாங்க. 11 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்தார். 16 வயதுக்குள் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ., இயற்பியலில் தங்கப்பதக்கம். 1907இல் எம்.ஏ. அப்போது வயது 18. அதே வருஷம் நிதித்துறைத் தேர்வில் முதலாவதாக வந்து கல்கத்தாவுக்குக் கணக்கு அதிகாரியாகப் போனார். நம்ம தொழில்தான், ஆனா நாம ஜன்னலுக்கு இந்தப் பக்கம், அவர் அதிகாரி நாற்காலியில்.

ராமன் கெட்டிக்காரர்தான். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அவருடைய அப்பா சந்திரசேகர அய்யர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர். கணக்கும் இயற்பியலும் நடத்தியவர். வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம். பையன் வகுப்பைத் தாண்டினான் என்கிறோம், தாண்டின பாடமெல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தது. ராமனுடைய அண்ணன் மகன் சந்திரசேகரும் 1983இல் நோபல் வாங்கினார். ஒரே குடும்பத்தில் ரெண்டு பேர். இதைப் பார்த்துவிட்டு 'அது ரத்தத்துல வர்றது' என்பார்கள். ரத்தத்துல வருதோ என்னமோ, அலமாரியிலயும் வருது.

இப்போ இன்னொரு தேதி சொல்றேன். 1900 நவம்பர் 7. ராமனுக்கு அன்றைக்குப் பன்னிரண்டு வயது முடிகிறது, மெட்ரிகுலேஷன் ஏற்கெனவே பாஸ். அதே நாளில் மகாராஷ்டிரத்தில் சதாரா ஊரில், அரசுப் பள்ளியின் ஆங்கில முதல் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனைச் சேர்க்கிறார்கள். பதிவேட்டில் பெயர் பீவா ராம்ஜி அம்பேத்கர். 2017லிருந்து மகாராஷ்டிர அரசு அந்த நாளை மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது. அந்தப் பையன் வீட்டிலிருந்து கோணிச்சாக்கு கொண்டுபோய் வகுப்பு மூலையில் விரித்து உட்கார்ந்தான். சாயங்காலம் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்தான். தாகம் எடுத்தால் குழாயைத் தொட முடியாது. பியூன் வந்து திறந்துவிடணும். பியூன் வரலைன்னா தண்ணி கிடையாது.

1907இல் ராமன் எம்.ஏ. முடித்தபோது அம்பேத்கர் பம்பாயில் மெட்ரிகுலேஷன் முடித்தார். வயசு வித்தியாசம் ரெண்டரை வருஷம்தான். படிப்பில் வித்தியாசம் ஏழு வருஷம். இதில் மூளைக்கு எவ்வளவு, பியூனுக்கு எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களா? தகுதி, திறமை என்று மண்டல் காலத்திலிருந்து நம்ம காதில் ஓதுகிறவர்களிடம் இந்த ஏழு வருஷத்துக்கு வவுச்சர் கேட்கணும்.

அதற்காக அம்பேத்கருக்கு வீட்டில் ஒண்ணுமே இல்லை என்று சொல்ல முடியாது. அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் வாத்தியார் வேலையும் பார்த்தவர், பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க வைத்தவர். நம்மில் மேலே வந்தவர்கள் வீட்டைத் தோண்டினால் இப்படி ஒரு ஆள், ஒரு சின்ன அலமாரி எங்காவது இருக்கும். அலமாரியே இல்லாத வீட்டிலிருந்துதான் அந்த ஆறு வயசுப் பாப்பா வருகிறாள்.

நம்ம ஆளுக்கு இந்த ஊர் கொடுத்த டபுள் புரமோஷன் கதை ஒண்ணு உண்டு, உங்களுக்குத் தெரியும். உறையூர்ப் பாணர் காவேரிக் கரையில் நின்று பாடினார். கோயிலுக்குள் விடவில்லை. கல்லெறிந்தார்கள். அப்புறம் சாமி கனவில் வந்து சொன்னதாகவும், லோகசாரங்க முனிவர் அவரைத் தோளிலேயே தூக்கிக்கொண்டு எல்லா மதிலையும் தாண்டி நேரே கருவறைக்குக் கொண்டுபோனதாகவும் சொல்கிறார்கள். போனவர் பெருமாளோடு கலந்துவிட்டாராம். திரும்பி வரவில்லை. நந்தனுக்கும் இதேதான், அங்கே தீ. தனியாக ஒருத்தரை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் தெரு தெருவாகவே இருக்கும், போனவரும் கிடைக்கமாட்டார். டபுள் புரமோஷன் என்றதும் எனக்கு முதலில் வந்த பயம் இதுதான்.

எங்க வீட்டுக் கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. லால்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா வயல் வேலை. எனக்கு மூணு வயசு மூத்த அக்கா ஒருத்தர். அந்தக் காலத்தில் எங்க ஊரில் பிறந்த சர்டிபிகேட் யார்கிட்டயும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரே பரீட்சைதான்: கையைத் தலைமேல் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடு. தொட்டால் சேர்ப்பார்கள். அக்காவுக்கு அஞ்சு வயசில் தொடவில்லை. ஆறு வயசிலும் விரல் காது மடல்கிட்ட வந்து நின்றுவிட்டது. பசித்த உடம்பு மெதுவாகத்தான் நீளும். 'அடுத்த வருஷம் கூட்டிட்டு வாம்மா' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏழாவது வயசில்தான் காது எட்டியது.

அக்கா பள்ளிக்கூடம் போகும்போது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகும். எனக்கு நாலு வயசு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, தவிர அங்கே மத்தியானம் சோறு. சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கி வைத்தது நம்ம திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில்தான். அந்தச் சோற்றில் வளர்ந்தவன் நான் என்பதைக் கூச்சமில்லாமல் சொல்வேன். சோத்துக்குப் போனவன் சும்மா இருக்காமல் வாத்தியார் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். வாத்தியார் அசந்துபோய், காதாவது மூக்காவது என்று என்னை அஞ்சு வயசு என்று எழுதிச் சேர்த்துவிட்டார். பிறந்த தேதி ஜூன் 1. எங்க பேங்க்கில் கணக்கு வைத்திருக்கிற நம்ம ஜனத்தின் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள், ஜூன் மாசத்தில் எத்தனை பேர் பிறந்திருக்கிறார்கள் என்று. எல்லாருக்கும் தாய் ஒருத்தர்தான், தலைமையாசிரியர்.

ஆக, அக்காவும் நானும் ஒரே வகுப்பு. வாய்ப்பாடு எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அக்கா. வாத்தியார் கேள்வியை முடிக்கிறதுக்குள் என் காதில் பதிலைச் சொல்வது யார்? அக்கா. ஆனால் நான் சொன்னால், 'பாருடா, சுண்டெலியாட்டம் இருந்துகிட்டு!' என்று வகுப்பே கைதட்டும். அதே பதிலை அக்கா சொன்னால் ஒண்ணும் கிடையாது. 'பெரிய பொண்ணு, சொல்லித்தானே ஆகணும்.' அறிவு ஒண்ணுதான். பக்கத்தில் நிற்கிறவர்களை வைத்து எனக்கு அது மேதைமை ஆச்சு, அக்காவுக்குக் கடமை ஆச்சு.

ஏழாவது படிக்கும்போது அக்கா வயசுக்கு வந்தது. பதிமூணு வயசு. குச்சு கட்டி, சடங்கு முடித்து, அதோடு படிப்பு முடிந்தது. அஞ்சு வயசில் சேர்த்திருந்தால் அப்போது ஒன்பதாவதில் இருந்திருக்கும். அழுது புரண்டு இன்னும் ஒரு வருஷம் இழுத்துப் பத்தாவது எழுதியிருக்கும். அந்த ரெண்டு வருஷத்தைத் தின்றது காது. நம்ம வீட்டுப் பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கடிகாரம் ஒண்ணு, உடம்புக் கடிகாரம் ஒண்ணு. ரெண்டாவது அடிக்கிறதுக்குள்ளே முதலாவதில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவுதான் கணக்கு. அதனால்தான் அந்தப் பாப்பாவுக்கு ஒரு வருஷம் மிச்சமாகுதுன்னா அதை லேசில் விடவும் மனசு வரல.

முந்திப் போன எனக்கு மட்டும் எல்லாம் சுகமா இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஆறாவதில் விடுதியில் போய் விழுந்தேன். எந்த விடுதி என்று வேண்டாம். எல்லாரையும்விடச் சின்னவன். பெரிய பையன்களுக்குத் துணி துவைத்தேன், தட்டு கழுவினேன், ராத்திரி பயத்தில் பாயை நனைத்தேன். கணக்கில் நூறு வாங்கினவனுக்குச் சாப்பாட்டு வரிசையில் இடம் பிடிக்கத் தெம்பு கிடையாது. இன்னொரு நஷ்டம் இனிமேல்தான் வரப்போகுது. பேங்க்கில் அறுபது வயசில் ஓய்வு. என் காகிதத்து வயசு நிஜ வயசைவிட ஒண்ணு கூட. ஒரு வருஷச் சம்பளம், அதுவும் கடைசி வருஷத்துப் பெரிய சம்பளம், போச்சு. வாத்தியார் நல்லதுதான் செய்தார். கணக்கு மட்டும் என் தலையில் விழுந்தது.

*

கெட்டிக்காரப் பிள்ளை என்று யாரைச் சொல்வது, யார் சொல்வது? அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் பிரோவர்ட் என்று ஒரு மாவட்டம். மீத்திறன் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு அங்கே உண்டு. ஆசிரியரோ பெற்றோரோ பெயர் சொன்னால்தான் சோதித்துச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் வெள்ளைக்கார, வசதியான வீட்டுப் பிள்ளைகளே வந்தார்கள். 2005இல், ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும், சொல் அதிகம் தேவைப்படாத ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகள், ஸ்பானிய வழிப் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள் எண்ணிக்கை ஏறியது. அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்னாலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், பார்க்கத்தான் ஆள் இல்லை. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பிறகு பணம் இல்லை என்று தேர்வை நிறுத்தினார்கள், எண்ணிக்கை இறங்கிவிட்டது.

நம்ம பக்கமும் பாருங்கள். திருச்சி என்.ஐ.டி. 1964இல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கியது. நம்ம மாவட்டத்துப் பச்சைமலையிலிருந்து பழங்குடி மாணவிகள் அங்கே சேர்ந்தது 2024இல்தான் பத்திரிகைச் செய்தி ஆனது. அறுபது வருஷம். அந்த மலையில் அதுவரைக்கும் கணக்குத் தெரிந்த பெண்ணே பிறக்கவில்லையா?

இன்னொரு சின்ன சூட்சுமம். நம்ம ஊரில் ஜூலை 31க்குள் அஞ்சு வயசு முடிந்தால் ஒண்ணாவது. ஜூலையில் பிறந்ததும், அதற்கு முந்தைய ஆகஸ்டில் பிறந்ததும் ஒரே பெஞ்சில். ரெண்டுக்கும் நடுவில் பதினோரு மாசம். அஞ்சு வயசில் பதினோரு மாசம் என்பது ஆயுசில் ஆறில் ஒரு பங்கு. ஒண்ணைக் கெட்டி என்பார்கள், ஒண்ணை மந்தம் என்பார்கள். பல நாடுகளில் ஆராய்ந்து இதையே சொல்லியிருக்கிறார்கள். 'எம் புள்ளைக்குப் படிப்பு ஏறல'ன்னு சொல்ற அக்காமார் முதல்ல பிறந்த மாசத்தைப் பாருங்க. முடிஞ்சா கண்ணையும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

மத்திய அரசின் 2020 கல்விக் கொள்கை ஒண்ணாம் வகுப்புக்கு ஆறு வயசு என்கிறது. அதற்கு முன்னால் மூணு வருஷம் மழலைக் கல்வி என்கிறது. காகிதத்தில் நல்லாத்தான் இருக்கு. காசுள்ளவன் பிள்ளை அந்த மூணு வருஷமும் பிரீ.கே.ஜி., எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று போய்விடும். நம்ம பிள்ளைக்கு அங்கன்வாடி ஒழுங்காக நடந்தால் உண்டு. நடக்காத ஊரில் அந்தக் கூடுதல் வருஷம் எங்க அக்கா காதுக்காகக் காத்திருந்த வருஷம் மாதிரிதான் போகும்.

சரி, தாண்டித்தான் போகட்டும் என்றால், எவ்வளவு தூரம்? லக்னோவில் சுஷ்மா வர்மா என்று ஒரு பெண். கூலித் தொழிலாளி மகள். 2007இல் ஏழு வயசில் பத்தாம் வகுப்பு பாஸ். டாக்டராக ஆசைப்பட்டு மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதியது. வயசு போதாது என்று முடிவையே நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் பி.எஸ்சி. படித்து, 2013இல் பதிமூணு வயசில் அதே ஊரில் பாபாசாகேப் பெயரில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் சேர்ந்தது. ஃபீஸ் கட்ட அப்பா இருந்த துண்டு நிலத்தை விற்றார். பத்து வகுப்பையும் தாண்டிப் போனாலும் வாசலில் வயசு கேட்டு நிறுத்துவான். இன்றைக்கும் நீட் எழுத அந்த வருஷக் கடைசிக்குள் பதினேழு முடியணும். எங்க பேங்க் கிளார்க் பரீட்சைக்கு இருபது. அதனால் ஒரு வகுப்புத் தாண்டினால் சேதமில்லை, நாலு வகுப்புத் தாண்டினால் வாசலில் காத்துக் கிடக்கணும். பேப்பர்காரன் போட்டோ எடுப்பான். அவன் போன பிறகு ஃபீஸ் நாமதான் கட்டணும்.

தாண்டுகிற உரிமை ஏழைப் பிள்ளைக்குச் சட்டத்திலேயே ஒண்ணு இருக்கு, நமக்கே தெரியாது. 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 4. ஆறு வயசுக்கு மேல் பள்ளியில் சேராத பிள்ளை, பாதியில் நின்ற பிள்ளை, யாராக இருந்தாலும் வயசுக்கேற்ற வகுப்பில் சேர்க்கணும். செங்கல் சூளையிலிருந்து வந்த பத்து வயசுப் பையனை ஒண்ணாவதில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்துக் கேவலப்படுத்தக் கூடாது. மற்றவர்களை எட்டிப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி கொடுக்கணும். பிரிவு 13 சேர்க்கும்போது பிள்ளையையோ பெற்றோரையோ சலித்தெடுக்கிற சோதனை கூடாது என்கிறது. பிரிவு 14 வயசுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பாதே என்கிறது. காதைத் தொடச் சொல்வதும் தப்பு, எல்.கே.ஜி.க்கு அப்பனை இன்டர்வியூ பண்ணுவதும் தப்பு. எங்க அக்காவுக்கு இந்தச் சட்டம் பதினைஞ்சு வருஷம் பிந்தி வந்தது.

இனி பாப்பா விஷயம். அது படிக்கிறது ரெண்டு டீச்சர் இருக்கிற பள்ளிக்கூடம். ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாம் ஒரே அறை. 2022லிருந்து 'எண்ணும் எழுத்தும்' வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைநிலையாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். டபுள் புரமோஷன் பதிவேட்டில்தான், பாப்பாவின் காது ஏற்கெனவே மூணாவதில் இருக்கிறது. நான் போய் டீச்சரைப் பார்த்தேன். நல்ல மனுஷி. கேட்க வேண்டியதைக் கேட்டேன். கணக்கில் மட்டும் முந்தியா, வாசிப்பிலும் முந்தியா? ரெண்டிலும் என்றார். எழுத்து? கை இன்னும் பழகவில்லை, மெதுவாக எழுதுகிறாள் என்றார். ரெண்டாவது பாடத்தில் விட்டுப்போகிறதை யார் சொல்லிக்கொடுப்பது? கோடை விடுமுறையில் தானே பார்ப்பதாகச் சொன்னார். சரிப்படலைன்னா திரும்ப ரெண்டாவதுக்கு வர வழி உண்டா? அதற்கு அவர் கொஞ்சம் யோசித்தார். எமிஸில் ஏறிவிட்டால் கஷ்டம், வட்டாரக் கல்வி அலுவலரைக் கேட்கணும் என்றார். அப்போ ஏற்றுவதற்கு முன்னால் ஒரு பருவம் மூணாவது பிள்ளைகளோடு உட்கார வைத்துப் பாருங்கள், பதிவேட்டை அப்புறம் மாற்றலாம் என்றேன். ஒத்துக்கொண்டார். பிறந்த தேதியில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

பாப்பாகிட்டயும் கேட்டேன். "மூணாவது போறியா?" "என் ஃப்ரெண்டும் வருவாளா?" "அவ ரெண்டாவதுல இருப்பா." கொஞ்ச நேரம் யோசித்தாள். "அதே ரூம்தானே மாமா?" எங்க ஆபீஸர்களுக்கு இவ்வளவு தெளிவு கிடையாது. ஆனால் அஞ்சாவது முடிந்து ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம் போகும்போது அதே ரூம் இருக்காது. பத்து வயசுக்குப் பதிலா ஒன்பது வயசில் ரோடு தாண்டிப் பஸ் பிடிச்சுப் போகணும். விடுதி என்றால் நான் வேண்டாம் என்பேன், என் பாய் எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காகிட்ட இதையெல்லாம் சொன்னேன். அக்கா இப்போ காந்தி மார்க்கெட்ல வெங்காயம் தரம் பிரிக்குது. கேட்டுக்கிட்டே இருந்துட்டு சொல்லுச்சு: "அவ ரெண்டாவதுல உக்காரட்டும், மூணாவதுல உக்காரட்டும்டா. வயசுக்கு வந்த மறுவாரம் யாரு அவளப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடுறது? அத அவ அம்மாகிட்ட இப்பவே கேட்டு வை."

கேட்டேன். அந்த அம்மா, நான் கொண்டுபோய் விடுவேன் என்றார்கள். பக்கத்தில் நின்ற அவங்க மாமியார் ஒண்ணும் சொல்லவில்லை. ரெண்டு பேரும் இங்கேதான் இருக்காங்க, மூணாவது வரிசை. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குது. மாமியார் அம்மா ஏதாவது சொல்லணும்னா இந்த மைக்கிலேயே சொல்லலாம், நான் இறங்கிக்கிறேன். சுருக்கமா சொல்லுங்கம்மா, காலையில இந்த இடத்துல அங்கன்வாடி, ஜமக்காளத்தைச் சுருட்டணும்.